விழிஞ்ஞத்து அலையும் ஒரு தொடுதளமும்: நேரியல் தோராயத்தின் வரலாற்றில் ஓர் இயல்

(நீண்ட பதிவு. கணிதம், பொறியியல், அறிவியல் வரலாறு பயிலும் மாணவர்களையும் அவற்றைக் கற்பிப்போரையும் எண்ணி எழுதியது. பல்மாறி நுண்கணிதத்தின் முதல் பாடம் தெரிந்திருந்தால் போதும்.)

விழிஞ்ஞம் என்றதும் இன்றைய வாசகர் நினைவுக்கு வருவது 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சரக்குப்பெட்டகத் துறைமுகம். வரலாற்று மாணவர்க்கு அது ஆய் வேளிரின் கடற்கரை நகர். பாண்டியரும் சோழரும் படையெடுத்து வந்த இடம். இவ்விரு காலங்களுக்கும் இடையே, அவ்வூரின் மீன்பிடித் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையம் ஒன்று ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் நின்றது. அதைப் பற்றிப் பேசுவோர் பலர் 'தோல்வி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர்.

அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது என் கருத்து. அந்நிலையத்தின் வரலாற்றைப் பல்மாறிச் சார்புகளின் வகையிடத்தக்க தன்மை என்ற கருத்தின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் இரண்டுமே தெளிவாகின்றன. ஒரு நேரியல் தோராயத்தை எதிர்கொள்ளும்போது கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: எந்தப் புள்ளியில் தோராயம் செய்கிறோம்? எந்த அளவைத் தோராயம் செய்கிறோம்? பிழையை எதனோடு ஒப்பிடுகிறோம்? கணிதவியலார் இம்மூன்றையும் ஒரே வரையறைக்குள் வைக்க நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டனர். விழிஞ்ஞத்துப் பொறியாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கடலில் சந்தித்தனர்.

1. நிலையம்

இந்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை 1981-இல் தோன்றியது. அதன் ஆதரவில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் அலை ஆற்றல் ஆய்வைத் தொடங்கினர். வி. எஸ். ராஜு, எம். ரவீந்திரன் ஆகியோர் அம்முயற்சியின் முன்னணியில் இருந்தவர்கள். ஆய்வகத்து அலைத்தொட்டிச் சோதனைகளுக்குப் பின், ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பேழை ஒன்று விழிஞ்ஞத்தில் கட்டப்பட்டு, 1990 டிசம்பரில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் கடற்படுகையில் அமர்த்தப்பட்டது. அலைத்தடுப்புச் சுவரிலிருந்து அதற்கு இரும்புப் பாலம் இட்டனர். 1991 அக்டோபரில் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பெயரளவுத் திறன் 150 கிலோவாட்.

இயங்குமுறை எளிது. பேழையின் கடற்பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வாய் உண்டு. அலை வரும்போது உள்ளே நிற்கும் நீர்த்தம்பம் ஏறும். அலை விலகும்போது இறங்கும். நீருக்கு மேலுள்ள காற்று மேல்முகட்டின் குறுகிய வழியே வெளித்தள்ளப்படும், பிறகு உள்ளிழுக்கப்படும். அவ்வழியில் ஒரு விசையாழி. காற்று எத்திசையில் வீசினாலும் அது ஒரே பக்கமாகச் சுழல வேண்டும்.

விழிஞ்ஞத்தில் முதலில் வைத்தது வெல்ஸ் விசையாழி. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் 1970-களின் நடுவில் உருவாக்கியது அது. சமச்சீரான இதழ்கள், அசையும் உறுப்பு வேறெதுவும் இல்லை. கோட்பாட்டாளர்களை அது கவர்ந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. நிலையான சுழற்சி வேகத்தில் அதன் ஊடான அழுத்த வேறுபாடு காற்றின் பாய்வு வீதத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கிறது. அதாவது அது ஒரு நேரியல் பொறி. உலோகங்களின் விரிசல் பற்றிய ஆய்வில், நேரியல் மீட்சிக் கோட்பாடு செல்லாத எல்லைக்கு அப்பால் பயன்படும் அளவுகோலை முன்வைத்தவரும் இதே வெல்ஸ்தான்.

2. தொடுதளம் என்றால் என்ன?

நிலையத்தின் கதையைத் தொடரும் முன் கணிதத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

ஒருமாறிச் சார்புக்கு ஒரு புள்ளியில் வகைக்கெழு இருந்தால் அங்கே தொடுகோடு உண்டு. அக்கோடே நேரியல் தோராயம். இருமாறிச் சார்புக்கு வந்தால், ஒரு மாறியை நிறுத்திவைத்து மற்றொன்றை மாற்றிப் பகுதி வகைக்கெழுக்கள் இரண்டைப் பெறுகிறோம். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர், கிளேரோ, தலம்பேர் ஆகியோர் இவற்றைச் சரளமாகக் கையாண்டனர். இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் கிடைத்துவிட்டால் முழு வகையீடும் கிடைத்துவிட்டது என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. அவர்கள் கையாண்ட சார்புகள் அந்நம்பிக்கையைக் குலைக்கவில்லை.

குலைக்கும் சார்பை உண்டாக்குவது கடினமன்று. இரு மாறிகளின் பெருக்கத்தை, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். ஆதியில் மதிப்பு சுழியம் என்று வையுங்கள். இரு அச்சுகள் மீதும் சார்பு சுழியமாகவே இருக்கிறது. ஆகவே ஆதியில் பகுதி வகைக்கெழுக்கள் இரண்டும் சுழியம். அவை பரிந்துரைக்கும் தொடுதளம் கிடைமட்டத் தளம். ஆனால் இரு மாறிகளும் சமமாக இருக்கும் மூலைவிட்டத்தில் நடந்தால், ஆதியிலிருந்து நாம் சென்ற தொலைவில் சரிபாதி அளவுக்குச் சார்பு உயர்ந்திருக்கும். எவ்வளவு அருகே வந்தாலும் அந்தப் பாதி குறைவதில்லை. பிழை சிறிதாகிறது, நடந்த தொலைவும் சிறிதாகிறது, இரண்டின் விகிதம் அசையாமல் நிற்கிறது. இங்கே தொடுதளம் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியக் கணிதவியலார் யோஹன்னஸ் தோமே பகுதி வகைக்கெழுக்கள் இருப்பது மட்டும் போதாது என்பதைக் கவனித்தார். 1893-இல் ஆஸ்திரியாவின் ஓட்டோ ஷ்டோல்ட்ஸ் தம் பாடநூலில் முழு வகையீட்டுக்குச் சரியான வரையறை தந்தார். இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி யங் அதை மையமாக வைத்து 1910-இல் நூல் எழுதினார். இவர் நமக்குச் சற்று அருகிலுள்ளவர்: 1913 முதல் சில ஆண்டுகள் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஹார்டிஞ்ச் பேராசிரியராக இருந்தார். பிரான்சின் மோரிஸ் ஃபிரெஷே 1911-இல் அதே கருத்தைத் தாமே கண்டடைந்து வெளியிட்டார். அடுத்த ஆண்டே முன்னோர்களின் முன்னுரிமையை ஒப்புக்கொண்டார். மாறிகளின் எண்ணிக்கை முடிவிலியாக உள்ள வெளிகளுக்கும் அக்கருத்தை விரித்தவர் அவரே என்பதால் வரையறை அவர் பெயரைத் தாங்குகிறது.

வரையறையைச் சொற்களில் சொல்லலாம். ஒரு புள்ளியிலிருந்து எத்திசையில் எவ்வாறு விலகினாலும், சார்பின் உண்மையான மாற்றத்துக்கும் ஒரே ஒரு நேரியல் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு, விலகிய தொலைவோடு ஒப்பிடுகையில் புறக்கணிக்கத்தக்கதாக வேண்டும். பிழை சிறிதாவது போதாது. விலகலைவிட விரைவாகச் சிறிதாக வேண்டும். 'எந்தப் புள்ளியில்', 'எந்தச் சார்புக்கு', 'பிழை எதனோடு ஒப்பிடப்படுகிறது' என்ற மூன்றும் இவ்வொரு வாக்கியத்துக்குள் அடங்கியுள்ளன.

இரண்டு அளவுகள் ஒருசேர மாறும்போது விளைவு எப்படி மாறும் என்ற கேள்வி மட்டும் கேரளத்துக்குப் புதிதன்று. கோளின் கண நேர வேகத்தைக் கணிக்க, நீலகண்ட சோமயாஜி 1500-ஐ ஒட்டி எழுதிய தந்திரசங்கிரகத்தில் தலைகீழ் சைன் சார்பின் மாறுவீதத்தைப் பயன்படுத்தினார். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்வந்த அச்யுத பிஷாரடி, தொகுதியும் பகுதியும் இரண்டும் மாறும் ஒரு பின்னத்தின் மாறுவீதத்தை ஸ்புடநிர்ணயத்தில் தந்துள்ளார். பொது வரையறை அங்கே இல்லை. ஆனால் ஒன்றின் மாற்றத்தை மட்டும் எடுத்து மற்றதை விட்டால் கிரகணக் கணக்கு தவறும் என்ற தொழில் அறிவு இருந்தது. சரியான கணக்கின் தேவை வானத்திலிருந்து வந்தது. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கரையில் அத்தேவை கடலிலிருந்து வந்தது.

3. அலையை நேரியலாக்குதல்

அலைக் கணக்கின் தொல்லை நீர்ப்பரப்பில் இருக்கிறது. பரப்பில் உள்ள அழுத்தம், அங்கே நீரின் வேகம் ஆகியவை நிறைவுசெய்ய வேண்டிய விதிகளை எழுதலாம். ஆனால் அந்தப் பரப்பு எங்கே இருக்கிறது என்பதே நாம் கண்டுபிடிக்க வேண்டியது. விடை தெரிந்தால்தான் வினாவை எழுத முடியும் என்ற நிலை.

பிரிட்டிஷ் அரச வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏரி 1840-களில் எழுதிய 'ஓதமும் அலையும்' என்ற ஆய்வின் வழி நிலைபெற்ற தீர்வு இது: பரப்பில் உள்ள மதிப்பை, அமைதியான நீர்மட்டத்தில் உள்ள மதிப்போடு, உயரத்தையும் செங்குத்து வகைக்கெழுவையும் பெருக்கிய திருத்தத்தைக் கூட்டிப் பெறலாம். அலை சிறியதாயின் அத்திருத்தமும், வேகங்களின் பெருக்கற்பலன்களும் இரண்டாம்படிச் சிற்றளவுகள், அவற்றை விட்டுவிடலாம். மீதியிருப்பது அமைதியான மட்டத்தில் எழுதப்பட்ட நேரியல் விதிகள். இடம், உயரம், நேரம் ஆகிய மாறிகளின் சார்பு ஒன்றுக்கு, 'அலையே இல்லை' என்ற நிலையில் எடுக்கப்பட்ட தொடுதளம் அது.

இதன் பயன் பெரிது. நேரியல் அமைப்பில் இரு தீர்வுகளின் கூட்டலும் தீர்வு. ஒழுங்கற்ற கடலைப் பல தூய அலைகளின் கூட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை கண்டு, பின் கூட்டிக்கொள்ளலாம். பேழையின் வாயருகே கடலை நோக்கி நீளும் பக்கச் சுவர்களை அமைத்தால் கூடுதலான அலைக்காலங்களில் நீர்த்தம்பம் ஒத்ததிர்வு பெறும் என்பது 1980-களின் இத்தகைய நேரியல் பகுப்பாய்வு தந்த பாடம். விழிஞ்ஞத்துப் பேழையில் அச்சுவர்கள் இருந்தன.

எவ்வளவு தூரம் இத்தொடுதளத்தை நம்பலாம்? 10 நொடி அலைக்காலமும் 10 மீட்டர் ஆழமும் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேரியல் கோட்பாட்டின்படி அலைநீளம் ஏறத்தாழ 92 மீட்டர். விடுபட்ட திருத்தங்களுள் முதலாவதை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1847-இல் கணக்கிட்டார். அவருடைய சூத்திரத்தில் எண்களைப் பொருத்தினால், 1 மீட்டர் உயர அலைக்குத் திருத்தம் முதல் உறுப்பில் ஏறத்தாழ 11 விழுக்காடு. 4 மீட்டர் உயர அலைக்கு 44 விழுக்காடு. மீட்டரில் சொன்னால் முதலது 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாவது 87 சென்டிமீட்டர். அலை நான்கு மடங்கானபோது பிழை பதினாறு மடங்காயிற்று. பிழைக்கும் அலைக்கும் உள்ள விகிதம் நான்கு மடங்காயிற்று. ஃபிரெஷேயின் வரையறை கோருவதும் இதுதான்: அலை சுருங்கச் சுருங்க அவ்விகிதமும் சுருங்கிச் சுழியத்தை அணுகுகிறது. தொடுதளம் உண்டு. ஆனால் 4 மீட்டர் அலை அத்தளத்திலிருந்து வெகுதொலைவில் நிற்கிறது.

ஆழமும் இங்கே ஒரு மாறி என்பதைக் கவனிக்க. அதே சரிவுள்ள 1 மீட்டர் அலை ஆழ்கடலில் செல்லுமானால் திருத்தம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கரையருகே 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அது ஆறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. கரையோரத்தில் கட்டுவது மின்கம்பிக்கும் பராமரிப்புக்கும் வசதி, கணக்குக்கு வசதியன்று.

4. விசையாழியின் இரு மாறிகள்

வெல்ஸ் விசையாழி நேரியலானது என்று சொன்னேன். அதைச் சற்றுத் திருத்த வேண்டும். அழுத்த வேறுபாடு, சுழற்சி வேகம் பாய்வு வீதம் ஆகிய இரண்டின் பெருக்கத்துக்கு ஏறத்தாழ விகிதசமம். வேகத்தை நிறுத்திவைத்தால் பாய்வில் நேரியல். பாய்வை நிறுத்திவைத்தால் வேகத்தில் நேரியல். இரண்டும் சேர்ந்து மாறினால் நேரியல் அன்று. ஒவ்வொரு மாறியிலும் தனித்தனியே ஒழுங்காக இருப்பது கூட்டாக ஒழுங்காக இருப்பதற்குச் சான்றாகாது என்று முன்பு கண்டோமே, அதன் மென்மையான வடிவம் இது.

இச்சார்பு வகையிடத்தக்கது என்பது நற்பேறு. அதன் வகையீட்டில் இரண்டு உறுப்புகள்: வேகம் பெருக்கல் பாய்வின் மாற்றம், பாய்வு பெருக்கல் வேகத்தின் மாற்றம். தொடுபுள்ளியாக இயல்பான சுழற்சி வேகத்தையும் சுழியப் பாய்வையும் எடுத்தால், இரண்டாம் உறுப்பு தானே மறைகிறது. வேகம் சற்று ஏறி இறங்கினாலும் முதற்படிக் கணக்கில் அது தெரிவதில்லை. மின் வலையமைப்போடு நேரடியாக இணைந்த தூண்டல் மின்னாக்கி சுழற்சி வேகத்தை ஏறத்தாழ மாறாமல் வைக்கும். ஆகவே விழிஞ்ஞத்து முதல் அமைப்பில் கடல் நேரியல், பேழைக்குள் நீர் நேரியல், விசையாழியும் நேரியல். முழுச் சங்கிலியையும் ஒரே கோட்பாடு தழுவியது. வடிவமைப்போர்க்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பு அமைவது அரிது.

ஆனால் மாறாத வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. இதழின் மீது காற்று மோதும் கோணம், காற்று வேகத்துக்கும் இதழின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தால் அமைகிறது. இதழ் வேகம் நிலைத்திருக்க, பருவமழைக் காலத்துப் பெரிய அலை காற்றை விரைவாகத் தள்ளும்போது அக்கோணம் எல்லை கடந்து, காற்றோட்டம் இதழின் பரப்பை விட்டுப் பிரிகிறது. அங்கே முறுக்குவிசை சட்டென விழும். மறுபுறம், கடல் அமைதியாக இருக்கும்போது உராய்வையும் காற்றுத்தடையையும் வெல்லப் போதிய ஆற்றல் அலையில் இல்லை. அப்போது மின்னாக்கி மோட்டாராக மாறி வலையமைப்பிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். விழிஞ்ஞத்தில் இது நடைமுறையில் காணப்பட்ட சிக்கல்.

5. திறனை நேரியலாக்கினால் என்ன ஆகும்?

இரண்டாம் கேள்விக்கு வருகிறோம்: எந்த அளவைத் தோராயம் செய்கிறோம்?

விசையாழிக்குக் காற்று தரும் திறன், அழுத்த வேறுபாட்டையும் பாய்வு வீதத்தையும் பெருக்கினால் வருவது. அமைதிநிலையில் இரண்டுமே சுழியம். பெருக்கத்தின் வகையீட்டை எழுதுங்கள்: அழுத்தம் பெருக்கல் பாய்வின் மாற்றம், கூட்டல், பாய்வு பெருக்கல் அழுத்தத்தின் மாற்றம். தொடுபுள்ளியில் அழுத்தமும் பாய்வும் சுழியமாதலால் இரண்டு உறுப்புகளும் சுழியம். திறன் என்ற சார்பு அங்கே குறையின்றி வகையிடத்தக்கது. அதன் தொடுதளம் கிடைமட்டம். அதன் நேரியல் தோராயம் சொல்வது: இந்த நிலையத்திலிருந்து மின்சாரமே வராது.

இதில் முரண்பாடு ஏதுமில்லை. முதலில் அழுத்தத்தையும் பாய்வையும் தனித்தனியே நேரியலாக்கி, பிறகு பெருக்கினால், திறனின் முதன்மை உறுப்பு சரியாகக் கிடைக்கிறது. நாம் விட்ட இரண்டாம்படித் திருத்தங்கள் பெருக்கத்தில் மூன்றாம்படியிலேதான் தலைகாட்டும். முதலில் பெருக்கிப் பிறகு நேரியலாக்கினால் எல்லாம் போய்விடும். செயல்களின் வரிசையே விடையை நிர்ணயிக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிக்காட்ட விழிஞ்ஞத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். விழிஞ்ஞம் கடற்பகுதிக்கு ஆண்டுச் சராசரியாக மீட்டருக்கு ஏறத்தாழ 13 கிலோவாட் என்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ 20 கிலோவாட் என்றும் மதிப்பிட்டனர். இத்தகைய சராசரியை உயரத்தின் சராசரியிலிருந்து பெற முடியாது. பாதி நேரம் அரை மீட்டர், பாதி நேரம் ஒன்றரை மீட்டர் அலை என்று கொள்க. சராசரி உயரம் 1 மீட்டர். அதன் வர்க்கம் 1. ஆனால் வர்க்கங்களின் சராசரி 1.25. சராசரி அலையை வைத்துக் கணக்கிட்டவர் நான்கில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைக் காணத் தவறுகிறார். அந்தக் கூடுதலை எடுக்க வேண்டிய விசையாழியோ பெரிய அலையில் தடுமாறுகிறது, சிறிய அலையில் மின்சாரம் உண்கிறது. ஆகவே 150 கிலோவாட் என்ற ஒற்றை எண், ஒரு சார்பின் ஒரு புள்ளி மதிப்பு மட்டுமே. ஆண்டு முழுவதும் கடல் அச்சார்பின் மீது எங்கெல்லாம் உலவியது என்பதே விளைச்சலைத் தீர்மானித்தது.

6. இரண்டு நேர்கோடுகள்

தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1993-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ரவீந்திரன். விழிஞ்ஞத்துப் பணி அக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. வெல்ஸ் விசையாழியின் திருத்திய வடிவங்களுக்குப் பின், 1990-களின் பிற்பகுதியில் உந்துவகை விசையாழி ஒன்று அங்கே சோதிக்கப்பட்டது. இருபுறமும் வழிகாட்டு இதழ்கள் கொண்ட அவ்வகையின் வளர்ச்சியில் ஜப்பானிய ஆய்வாளர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. உச்சத் திறப்பாடு சற்றுக் குறைந்தாலும், அது மெதுவான வேகத்தில் சுழலும், எளிதில் தொடங்கும், பெரிய அலையில் சட்டென விழாது.

கணிதவியலார்க்கு அது வேறொரு புதிரைக் கொண்டுவந்தது. அதில் அழுத்தம் பாய்வின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ விகிதசமம். திசைக்கேற்பக் குறி மாறும். ஆய்வகத்து மாதிரிகளில், சிறு துளையிட்ட தகடு பொதுவாக இவ்விருபடி விதியைக் காட்டும். நுண்துளைத் திரை வெல்ஸ் போன்ற நேரியல் விதியைக் காட்டும். குறியிட்ட வர்க்கச் சார்பு சுழியத்தில் வகையிடத்தக்கதே, வகைக்கெழு சுழியம். எனவே தொடுகோடு சொல்வது: விசையாழி நீர்த்தம்பத்தை எதிர்ப்பதே இல்லை. எதிர்ப்பு இல்லையேல் ஆற்றல் பரிமாற்றமும் இல்லை. மிகச் சிறிய அலைக்கு அது உண்மைக்கு அருகே வரலாம். மின்சாரம் தரும் அலைக்குப் பயனற்றது.

இதே புதிரைக் கடல் சார்ந்த மற்றொரு பெருந்திட்டத்தில் தீர்த்தவர் இயற்பியலாளர் ஹென்ட்ரிக் லொரன்ட்ஸ். நெதர்லாந்தின் சௌடர் கடலை அணையிட்டு மூடினால் வெளியே ஓதம் எவ்வளவு உயரும் என்று கணிக்க 1918-இல் அமைந்த குழுவுக்கு அவர் தலைவர். நீரோட்டத்தின் உராய்வு வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது; வேகமோ இருதிசைப்பட்டது. அவர் தொடுகோட்டை எடுக்கவில்லை. ஒரு முழு ஓதச் சுழற்சியில் இருபடி உராய்வு எவ்வளவு ஆற்றலை விழுங்குமோ, அதே அளவை விழுங்கும் நேரியல் உராய்வைத் தேர்ந்தார். சைன் வடிவ ஓட்டத்துக்கு அக்கோட்டின் சரிவு, உச்ச வேகத்தை எட்டின் கீழ் மூன்று பை என்ற பின்னத்தின் தலைகீழால், அதாவது 8-ஐ மூன்று மடங்கு பையால் வகுத்து வரும் 0.85 என்ற எண்ணால், பெருக்கினால் கிடைக்கும். அவரது குழு 1926-இல் அறிக்கை தந்தது. அணை 1932-இல் மூடப்பட்டது.

லொரன்ட்ஸின் கோடும் ஃபிரெஷேயின் கோடும் ஒன்றல்ல. ஃபிரெஷேயின் கோட்டுக்குத் தேவை ஒரு புள்ளி மட்டும். அலை எவ்வளவு பெரிது என்று அது கேட்பதில்லை. லொரன்ட்ஸின் கோட்டுக்கு வீச்சு தெரிய வேண்டும். வீச்சு மாறினால் கோடும் மாறும். முன்னதில் பிழை விலகிய தொலைவோடு ஒப்பிடப்படுகிறது. பின்னதில் ஒரு சுழற்சியின் ஆற்றலோடு. இரண்டையும் 'நேரியல் தோராயம்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். உந்துவகை விசையாழியைக் கணக்கிடுவோர் பின்னதன் வழியில் செல்லலாம். ஆனால் அப்போது கூட்டல் விதி போய்விடுகிறது. இரண்டு அலைகளுக்குத் தனித்தனியே பொருத்திய கோடுகள், இரண்டும் சேர்ந்து வரும் கடலுக்குப் பொருந்தா. வெல்ஸிலிருந்து உந்துவகைக்கு மாறியது கணக்கின் வசதியைக் கொடுத்துக் கடலோடு ஒத்துப்போகும் திறனை வாங்கிய பண்டமாற்று.

7. தீர்ப்பு

2004-இல் அந்நிலையத்தின் ஆற்றலைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் அமைப்பு ஒன்று இயக்கிக்காட்டப்பட்டது. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் அதன் அளவு. மாறும் வேகத்தில் இயங்கும் மின்னாக்கியும் மின்கலத் தொகுதியும் அலையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொண்டன. 1991-இல் வேகத்தை நிலைநிறுத்திக் கடலைத் தன் கணக்குக்குள் கொண்டுவர முயன்ற நிலையம், பதின்மூன்று ஆண்டுகளில் வேகத்தைக் கடலின் போக்குக்கு விட்டுக்கொடுக்கக் கற்றிருந்தது. பின்னர் அதன் இயக்கம் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து வணிக மின்சாரம் பெருகவில்லை என்பது உண்மை.

ஆனால் சோதனை நிலையத்தைப் பெயரளவுத் திறனால் அளப்பது, சார்பை ஒரே புள்ளியின் மதிப்பால் அளப்பதற்கு ஒப்பாகும். அது தந்தது வேறு: மாதிரித் தொட்டியில் சரியான தொடுதளம் உண்மையான கடலில் எங்கெங்கே விலகுகிறது என்ற பதிவு. நேரியல் கோட்பாடு விழிஞ்ஞத்தில் பொய்யாகவில்லை. அது உறுதியளித்த இடத்தில் உறுதியளித்தபடி நடந்துகொண்டது. அதன் உறுதி அருகாமைக்கு மட்டுமே உரியது என்பதை வரையறையே சொல்லிவைத்திருக்கிறது.

நம் வகுப்பறைகளில் இப்பாடம் எப்படி நடக்கிறது? பகுதி வகைக்கெழுக்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன, வகையீடு எழுதப்படுகிறது, உருளையின் ஆரத்தில் சிறு பிழை இருந்தால் கனஅளவில் எவ்வளவு என்று ஓர் எடுத்துக்காட்டு, அத்தோடு பாடம் முடிகிறது. பிழைக்கும் விலகலுக்கும் உள்ள விகிதத்தை ஒருமுறையேனும் எண்களாகக் கணக்கிட்டுப் பார்த்த மாணவர் மிகச் சிலர். அந்த விகிதமே வரையறையின் உயிர். அதைக் காணாதவர் பின்னாளில் அலைத்தடுப்புச் சுவரையோ துறைமுகத்தையோ வடிவமைக்க உட்காரும்போது, மென்பொருள் தரும் நேரியல் விடையின் எல்லை எங்கே என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இருக்காது. விழிஞ்ஞத்துக் கரையில் இப்போது எழுந்து நிற்கும் கட்டுமானங்களின் அளவைப் பார்க்கும்போது, அப்பழக்கத்தின் தேவை 1991-இல் இருந்ததைவிடக் கூடியிருக்கிறது.

கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் பகுதியில் உள்ள கணக்கை மாணவர்களிடம் கொடுங்கள்: அலைக்காலம் 10 நொடி, ஆழம் 10 மீட்டர், அலை உயரம் அரை மீட்டர் முதல் 4 மீட்டர் வரை. ஸ்டோக்ஸின் திருத்தத்தை ஒவ்வோர் உயரத்துக்கும் கணக்கிட்டு, பிழையை ஒரு வரைபடமாகவும் பிழை விகிதத்தை மற்றொரு வரைபடமாகவும் வரையச் சொல்லுங்கள். முன்னது பரவளையமாக வளையும். பின்னது ஆதி வழியே செல்லும் நேர்கோடாக வரும். இரண்டாம் வரைபடம் சுழியத்தைத் தொடும் இடத்தை விரலால் சுட்டிக்காட்டி, வகையிடத்தக்க தன்மை என்றால் இதுதான் என்று சொல்லலாம். வேறு கடற்கரைகளின் ஆழமும் அலைக்காலமும் கொண்டு செய்து பார்த்தவர்கள் தங்கள் எண்களைப் பின்னூட்டத்தில் இடுங்கள்; ஒப்பிட்டுப் பேசுவோம்.